காலேஜ் ரோடும் ஒன்றரை ஷிப்டும்

திருப்பூரில் வேலை கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் மின்கம்பத்திலோ சுவரிலோ கம்பெனி கேட்டிலோ ஓர் அட்டை தொங்கும். ‘ஆட்கள் தேவை: ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங்.’ கீழே ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்று எதுவும் இருக்காது. டெய்லர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனால் சூப்பர்வைசர் சான்றிதழ் கேட்க மாட்டார். நாலு பீஸை எடுத்துக் கையில் கொடுத்து, “தெச்சுக் காட்டுங்க” என்பார். தையல் நேராக விழுந்தால் அன்றைக்கே லைனில் ஒரு மெஷின் கிடைத்துவிடும். நடுவில் வந்தவர் என்று யாரையும் அங்கே ஒதுக்குவதில்லை. தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சேர்ந்த ஊர் அது; எல்லோருமே நடுவில் வந்தவர்கள்தான்.

அதே ஊரில் காலேஜ் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. 1966-ல் தொடங்கிய சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி அங்கேதான். பல்லடம் சாலையில் பெண்களுக்கென்று 1971-ல் வந்த எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி. பல்லடம், அவிநாசி, காங்கேயம், உடுமலை என்று மாவட்டம் முழுக்க இப்போது அரசுக் கல்லூரிகள் உண்டு. ஆனால் எந்தக் கல்லூரியிலும் கேட் திறப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான். +2 ரிசல்ட் வந்த சூட்டோடு, பதினேழு பதினெட்டு வயதில் வருகிறவர்களுக்காகத் திறக்கும். இருபத்தாறு வயதில் ஒருவர் போய் நின்றால் வாட்ச்மேன், “யாரைக் கூப்பிட வந்தீங்க?” என்று கேட்பார். இது ஒரு கல்லூரியின் குற்றமல்ல. நம் ஊரில் மாணவர் என்றாலே மனதில் எழும் படம் அது: பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர், பகலெல்லாம் சும்மா இருப்பவர், சாப்பாடு வீட்டில் கிடைப்பவர்.

அந்தப் படத்துக்கு வெளியே நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். பி.காம். முதல் வருஷம் வேறொரு மாவட்டத்தில் படித்தேன். அப்பா படுக்கையில் விழுந்ததும் திருப்பூருக்கு வந்து செக்கிங் டேபிளில் நின்றேன். இரண்டு வருஷம் கழித்து, இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வீர்களா என்று ஒரு கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உங்க யுனிவர்சிட்டி வேறைங்க, நம்ம யுனிவர்சிட்டி வேறைங்க. அங்க பர்ஸ்ட் இயர்ல படிச்ச பேப்பர் இங்க செகண்ட் இயர்ல வருது. இங்க பர்ஸ்ட் இயர்ல இருக்கறதை நீங்க படிக்கவே இல்லை.”

“அப்ப மறுபடி முதல்ல இருந்துங்களா?”

“அதுக்கும் டி.சி. வேணுங்களே.”

டி.சி. பழைய கல்லூரியில் இருந்தது. மிச்சம் இரண்டு வருஷத்துக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். படிக்காத வருஷங்களுக்குக் கட்டணம்! கம்பெனிக் கணக்கில் சொன்னால், தைக்காத பீஸுக்கு டெய்லரிடமே காசு கேட்பது மாதிரி. கடைசியில் அஞ்சல் வழியில் படித்து முடித்தேன். அந்த முதல் வருஷத்து மார்க் ஷீட் இன்னும் வீட்டில் இருக்கிறது, எதற்கும் உதவாமல்.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-ல் யு.ஜி.சி. அறிவிக்கை விட வேண்டியிருந்தது. பள்ளிகள் விஷயத்தில், டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம் ஒழிந்திருந்தால் உத்தரவுக்கு என்ன வேலை?

பாடத்திட்டச் சிக்கலை அரசும் அறியும். 2023-ல் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் தயாரித்த பொதுப் பாடத்திட்டத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உயர்கல்வித் துறை சொன்னபோது முன்வைத்த காரணங்களில் ஒன்று இதுதான்: ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவர் தவிக்கக் கூடாது. தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. தங்கள் பாடத்தைத் தாங்களே வகுக்கும் உரிமை போய்விடும் என்றன. அதிலும் நியாயம் இருந்தது. கட்டாயமில்லை என்று அமைச்சர் சொன்னதோடு சூடு தணிந்தது. அந்த விவாதம் முழுக்க ஆசிரியர்களின் உரிமையைப் பற்றியும் பல்கலைக்கழகங்களின் தரத்தைப் பற்றியுமே நடந்தது. பாதியில் மாறுகிற மாணவர் தொடக்கத்தில் ஒரு காரணமாக வந்தார், பிறகு காணாமல் போனார். எல்லோருக்கும் ஒரே பாடம் வைத்தால்தான் மாற முடியும் என்பதும் இல்லை. இந்தக் கல்லூரியின் இந்தத் தாள் அந்தக் கல்லூரியின் அந்தத் தாளுக்குச் சமம் என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினால் போதும். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு இப்படி முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் உட்காரலாம். அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. பி.எஸ்சி. முடித்தவருக்கும் அந்த வழி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ.க்குக் கோயம்புத்தூரில் தனிக் கலந்தாய்வு நடந்திருக்கிறது. ஆக, பக்கவாட்டில் நுழைய வழி வைப்பது பொறியியலுக்குச் சாத்தியம். பி.ஏ.வுக்கும் பி.காமுக்கும் மட்டும் ஏன் சாத்தியமில்லை என்று எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இனி கடிகாரத்துக்கு வருவோம். பனியன் கம்பெனியில் பெரும்பாலும் காலை எட்டரைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்து எட்டரை வரை தைத்தால் ஒன்றரை ஷிப்ட். குடும்பம் ஓடுவது அந்த அரை ஷிப்டில்தான். வாடகை, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் அதிலிருந்து போகும். மாலைக் கல்லூரி என்று யோசனை சொல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. மாலை ஆறு மணி வகுப்புக்குக் கட்டணமே இல்லை என்றாலும், டெய்லருக்கு அதன் விலை தினமும் அரை ஷிப்ட் சம்பளம். ஷிப்மெண்ட் நெருங்கினால் இரவெல்லாம் வேலை. சனிக்கிழமை சம்பள நாள். கணக்கு முடித்துக் கிளம்ப நேரமாகும். மிஞ்சுவது ஞாயிறு ஒன்றுதான், அதிலும் பாதி துணி துவைப்பதில் போகும்.

அரசுக் கல்லூரிகளிலும் ஷிப்ட் உண்டு. சுழற்சி ஒன்று, சுழற்சி இரண்டு என்று பிராஸ்பெக்டஸில் போட்டிருக்கும். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் இன்னொன்று. அதே கட்டடத்தில் அதிகம் பேரைச் சேர்க்க வந்த ஏற்பாடு அது. காலைச் சுழற்சியில் படித்துவிட்டு மதியம் கம்பெனிக்கு ஓடுகிற பையன்களை ஊரில் பார்க்கலாம். அவர்களும் பாதித் தொழிலாளர்கள்தான், ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் முழுநேர மாணவர்கள். ஷிப்மெண்ட் வாரங்களில் அடிக்கடி வராவிட்டால் 75 சதவீத வருகைப்பதிவு கைவிட்டுப் போகும். சற்றுக் குறைந்தால் அபராதம் கட்டி ஒப்பேற்றலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. தொழிற்சாலையின் ஷிப்டும் கல்லூரியின் ஷிப்டும் ஒரே ஊரில், ஒரே பெயரில், ஒன்றையொன்று பார்க்காமல் ஓடுகின்றன.

வகுப்பே வேண்டாம், வீட்டிலிருந்து படிக்கட்டும் என்ற வழிக்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் எந்த முன்தகுதியும் கேட்காத திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அந்த வருஷம்தான். இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ல் ஆந்திரத்தில் வந்தது. 1985-ல் இக்னோ. நமக்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல்.

திருப்பூர் போன்ற ஊர்களில் அன்றைக்கு டுட்டோரியல் வாசலில் தொங்கிய பலகைகளை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18 வயது நிறைந்திருந்தால் +2 இல்லாமலே பட்டப்படிப்பு, 21 வயது நிறைந்திருந்தால் பட்டமே இல்லாமல் எம்.ஏ. பல்கலைக்கழகங்களே நடத்தின, பணத்தையும் அவையே வாங்கின. எத்தனையோ பேர் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கட்டினார்கள். பிறகு 2009 வந்தது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தமிழக அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, +2, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசுப் பணிக்குத் தகுதி என்று முடித்துவிட்டது. தரம் என்று பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாசலைத் திறந்து வைத்தவர்கள் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. உள்ளே போனவர்கள்தான் அனுபவித்தார்கள். ‘அஞ்சல் வழிப் பட்டம்தானே’ என்று இன்றைக்கும் இன்டர்வியூவில் இழுக்கிறார்களே, அந்த இழுப்புக்கு இந்த வரலாறும் ஒரு காரணம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது. அறிவிக்கையால் சந்தேகம் தீர்ந்துவிடுமா என்ன?

இந்த வட்டாரத்தில் தொலைநிலைக் கல்வியின் பெரிய வெற்றிக்கதை கல்லூரி வளாகத்தில் நடக்கவில்லை, மில்லுக்குள் நடந்தது. 1984-ல் தொடங்கிய கே.பி.ஆர். மில் நிறுவனம் கருமத்தம்பட்டி, அரசூர் போன்ற இடங்களில் உள்ள ஆலைகளின் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்காகப் பள்ளிப் படிப்பும் பட்டப்படிப்பும் நடத்திவருகிறது. படிக்க ஆசைப்பட்டேன், வறுமையால் மில்லுக்கு வந்தேன் என்று ஒரு பெண் சொன்னதிலிருந்து இது தொடங்கியதாக நிறுவனர் கே.பி. ராமசாமி சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்ததும் நான்கு மணி நேர வகுப்பு. பட்டப்படிப்பு பெரும்பாலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக. ஆசிரியர்கள், வகுப்பறை, கட்டணம் எல்லாம் நிறுவனப் பொறுப்பு. இப்படிப் படித்து முடித்தவர்கள் 24,000-க்கும் மேல் என்பது நிறுவனம் தரும் கணக்கு.

சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் பெண்களை விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்று நூற்பாலைகள் ஆள் எடுத்த வட்டாரம் இது. கல்யாணத் தொகைக்குப் பதில் பட்டத்தோடு ஒரு பெண் வெளியே வருகிறாள் என்றால் அது சின்ன மாற்றமல்ல. எனக்கு இருக்கும் நெருடல் வேறு. இங்கே படிப்பும் வேலையும் தங்குமிடமும் ஒரே கையில் இருக்கின்றன. முதலாளி நல்லவராக இருந்தால் படிப்பு நடக்கும். பவர்டேபிள் யூனிட் என்று பத்து மெஷினோடு ஓடுகிற கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த முதலாளியும் இல்லை, விடுதியும் இல்லை. அவளுக்குக் கல்லூரியைக் கொண்டுவந்து தர வேண்டியது அரசுதானே.

அரசு தரவில்லை என்று சொல்ல முடியாது. தருவது யாருக்கு என்பதுதான் கேள்வி. 2022 செப்டம்பர் 5-ல் வந்த புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. நல்ல திட்டங்கள், பஸ் காசுக்கும் நோட்டுக்கும் ஆகிறது. ஆனால் தொலைநிலையில் படித்தால் புதுமைப்பெண் பணம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த ஒரு பெண், +2 முடித்ததும் குடும்பத்துக்காக மெஷினில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினால் அவள் புதுமைப்பெண் கணக்கில் வரமாட்டாள். வேலைக்குப் போகாமல் படிக்க முடிந்தவளுக்கு உதவி உண்டு, வேலைக்குப் போனால்தான் படிக்க முடியும் என்கிறவளுக்கு இல்லை. போலிச் சேர்க்கையைத் தடுக்க வைத்த விதியாக இருக்கலாம். அதற்கு வேறு வழி கண்டுபிடிக்க நம் அதிகாரிகளுக்குத் தெரியாதா!

புதிய தேசியக் கல்விக் கொள்கையில் இதற்கெல்லாம் விடை இருப்பதாக டெல்லி சொல்கிறது. ஒரு வருஷத்தில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருஷத்தில் டிப்ளமோ. படித்த கிரெடிட்டை 2021-ல் தொடங்கிய கிரெடிட் வங்கியில் போட்டு வைத்து ஏழு வருஷத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். இடையில் நிற்பதைச் சட்டபூர்வமாக்கும் ஏற்பாடு இது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. திருப்பூரில் நின்று பார்த்தால் எதிர்ப்பின் அர்த்தம் புரிகிறது. வெளியேறும் வாசலை யாரும் நமக்குப் புதிதாகக் கட்டித் தர வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் பள்ளி மூடியபோது பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை! ஒரு வருஷச் சான்றிதழோடு போனால் மட்டும் கைமடியில் என்ன கூடுதலாகக் கொடுத்துவிடப் போகிறார்கள்? நமக்கு இல்லாமல் இருப்பது திரும்பி வரும் வாசல். கொள்கையில் அந்தப் பாதி நல்லது. அதை மட்டும் எடுத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. ஏழு வருஷம் என்ற கெடுவையும் எடுத்துவிடலாம். தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, கடன் அடைந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்க ஏழு வருஷம் போதுமா?

பள்ளிக் கட்டத்தில் நம்மிடம் அப்படி ஒரு வாசல் வெகுகாலமாக இருக்கிறது. தனித்தேர்வர் என்று பெயர். எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் +2-வுக்கும் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். பத்தாவதுக்கும் +2-வுக்கும் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு வைக்கிற அதே வினாத்தாள், அதே நாள். ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள் மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கும் +2-வுக்கும் இணை என்று 2022-ல் அரசு ஆணையிட்டது. இதெல்லாம் நம் அரசே செய்தது. பள்ளித் தேர்வுத் துறைக்கு இருக்கும் இந்தத் தாராளம் கல்லூரி வாசலில் போய் நின்றுவிடுகிறது.

தையல் தெரிந்தவருக்குத் தையலையே பாடமாக நடத்துவது இன்னொரு வேடிக்கை. பதினைந்து வருஷம் பேட்லாக் ஓட்டியவருக்குத் துணியின் ஜி.எஸ்.எம். எடை கை தொட்டாலே தெரியும். எந்த நூலுக்கு எந்த ஊசி, சாயம் போட்ட துணி எவ்வளவு சுருங்கும், தையல் எங்கே அறும் என்பதெல்லாம் விரல் நுனியில். அவர் ஆடைத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தால் முதல் பருவத்தில் தையல் மெஷினின் பாகங்களைப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். மத்திய அரசின் திறன் திட்டத்தில் முன்பே கற்றதை அங்கீகரிக்கும் ஏற்பாடு உண்டு. தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். வேலை அனுபவத்தையும் கிரெடிட்டாகக் கணக்கிடலாம் என்று 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் வரைமுறை சொல்கிறது. அந்தச் சான்றிதழைக் கல்லூரி எழுத்தர் வாங்கி, இந்த இந்தத் தாள் உங்களுக்குக் கழிந்தது என்று சொல்லும் நாள் வந்தால்தான் அதற்கு மதிப்பு. முதலிப்பாளையத்தில் தொழிலதிபர்களே சேர்ந்து நிட்வேர் பேஷனுக்கென்று கல்லூரி நடத்துகிற ஊர் இது. தெச்சுக் காட்டுங்க என்று சொல்லிச் சேர்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

தமிழ்நாட்டில் இதை முயன்று பார்த்தவர்களும் உண்டு. சமுதாயக் கல்லூரி என்ற எண்ணத்தை 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் சேவியர் அல்போன்ஸ் அடிகளார். படிப்பை விட்டவர்களுக்கு உள்ளூர் வேலையோடு சேர்ந்த பாடம் என்பது அதன் அடிப்படை. அமெரிக்காவிலிருந்து வந்த யோசனைதான், ஆனால் வருகிற வழியில் ஒரு பாதி தொலைந்துவிட்டது. அங்கே அந்தக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஏணி உண்டு. இங்கே பெரும்பாலும் சான்றிதழோடு சரி.

பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கல்யாணத்தோடு படிப்பை விட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் முப்பது வயதில் மறுபடி நினைப்பு வருகிறவர்கள் செக்கிங் டேபிளில் நிறையப் பேர். அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை: வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை விட ஓர் அறை, தேர்வை ஷிப்மெண்ட் மாதத்தில் வைக்காமல் இருப்பது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் கதை இன்னும் சிக்கல். ஒடிசா வாரியத்தில் +2 முடித்த பையன் இங்கே சேர வேண்டுமானால் மைக்ரேஷன் சர்டிபிகேட் கேட்பார்கள். ஆயிரம் மைல் தள்ளி வந்து நிற்பவனிடம், நீ ஊரை விட்டு வந்தாய் என்பதற்குச் சான்று!

போன மாதம் காதர்பேட்டை டீக்கடையில் ஒரு தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். பேட்லாக் டெய்லர், இருபத்தெட்டு வயது. பி.ஏ. இரண்டாம் ஆண்டில் விட்டது, நாலு அரியர். முடிக்க வேண்டும் என்கிறான்.

“அண்ணா, காலேஜ் ஆபீஸ் ஞாயித்துக்கெழமை தொறந்திருக்குமுங்களா?”

“இல்லப்பா. திங்கள் முதல் வெள்ளி, பத்துல இருந்து அஞ்சே முக்கால்.”

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு கடையில் கிடந்த தினசரியை எடுத்து உள்பக்கத்தைப் புரட்டினான். ராசிபலன் பார்க்கிறானோ என்று நினைத்தேன். ‘நாளைய மின்தடை’ என்ற கட்டத்தில் விரலை வைத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

“எங்க யூனிட்ல ஜெனரேட்டர் இல்லைங்ணா. எங்க ஏரியாவுக்குக் கரண்ட் கட்டு வர்ற அன்னைக்குப் போயிட்டு வந்தர்றேன்.”